ஐயாயிரத்து நூறு மீட்டர்

என்னைக் கோழை என்று பதினைந்து வருஷம் சொன்னார்கள். கோபமாகச் சொல்லியிருந்தால் திருப்பிச் சண்டை போட்டிருப்பேன். கிண்டலாகச் சொன்னார்கள். ஏதாவது விசேஷத்துக்குச் சொந்தபந்தம் கூடி, சாப்பிட்டு முடித்து வெற்றிலை மடிக்கிற நேரம் பார்த்து அண்ணன் ஆரம்பிப்பான்: "ஓட வேண்டிய அன்னிக்கு ஓடிப்போனது எங்க வூட்டுப் பொண்ணுதான்." கூடியிருப்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்துவைப்பேன். அதை நினைத்தால் இன்றைக்கு அவன் மேல் வருகிற எரிச்சலைவிட என் மேல் வருகிற எரிச்சல்தான் அதிகம்.

இருபது வயதில் நான் ஐயாயிரம் மீட்டர் ஓடுகிறவள். திருவொற்றியூரில் வீடு. நைனா கொருக்குப்பேட்டை கூட்ஸ் ஷெட்டில் மூட்டை ஏற்றி இறக்கியவர். அந்த வருஷம் இடுப்பு பிடித்துப் படுத்துவிட்டார். அண்ணன் ஒரு லாரிப் பட்டறையில் ஒயரிங் வேலை பார்த்தான். அவன் ஒருத்தன் சம்பளத்தில் நாலு பேர் சாப்பிட்டோம். எனக்கு முன்னால் ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு மத்திய அரசு வேலைக்கு அறிவிப்பு வந்திருந்தது. தேர்வு ஓட்டத்தில் ஐயாயிரம் மீட்டரைப் பதினெட்டு நிமிஷத்துக்குள் முடிக்கிற பெண்ணைத்தான் அடுத்த கட்டத்துக்கே கூப்பிடுவார்கள். ஒரு விநாடி கூடினாலும் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். ஆறு மாதம் அந்தப் பதினெட்டைத் தவிர வேறு எதுவும் என் மண்டையில் ஏறவில்லை.

பயிற்சி கொடுத்தவரை மாஸ்டர் என்று கூப்பிடுவோம். துறைமுகத்தில் கிரேன் ஆபரேட்டர். தன் காலத்தில் நன்றாக ஓடியவர். அப்போது அவருக்கு நாற்பதுகூட ஆகவில்லை. காசு என்று ஒரு பைசா வாங்கியதில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். வெளிநாட்டுப் பயிற்சிப் புத்தகம் ஒன்றின் ஜெராக்ஸ் எங்கிருந்தோ அவர் கைக்கு வந்திருந்தது. அதை அகராதி வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் படித்து, எங்கள் ஊருக்குத் தோதாக மாற்றிவைத்திருந்தார். புத்தகத்தில் செவ்வாய்க்கிழமை வேக ஓட்டம் என்று போட்டிருந்தால், எங்களுக்கு அது காற்றைப் பொறுத்தது. காலையில் வாசலில் நின்று மூக்கை நீட்டிப் பார்ப்பார். மணலி ஆலைகள் பக்கமிருந்து ரசாயன வாடை அடித்தால் அன்றைக்கு மெது ஓட்டம். கடல் காற்று அடித்தால் வேக ஓட்டம். அந்தப் புத்தகத்தை எழுதியவருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை.

ஓடுவதற்கு எங்களுக்கு மைதானம் கிடையாது. சிந்தெடிக் டிராக் இருந்தது நகரத்துக்குள்ளே. ரெண்டு பஸ் மாறிப் போனால் உள்ளே விட ஆயிரம் கேள்வி. எண்ணூர் போகும் கடலோர ரோட்டில்தான் ஓடினோம். ஒரு பக்கம் கடலை மறித்துக் கொட்டிய கருங்கல். இன்னொரு பக்கம் துறைமுகத்துக்குள் போக வரிசையில் நிற்கிற டிரெய்லர்கள். டிரைவர்கள் கேனில் தண்ணீர் வைத்துக் குளித்துக்கொண்டிருப்பார்கள். விடிகிற நேரத்தில் அந்த ரெண்டுக்கும் நடுவே இருந்த சந்தில் நான் போய்ப் போய் வருவேன். மாஸ்டர் ரெண்டு கல்லுக்கு வெள்ளை பெயிண்ட் அடித்துவைத்திருந்தார். இந்தக் கல்லிலிருந்து அந்தக் கல் ஐந்நூறு மீட்டர். போய் வந்தால் ஒரு கிலோமீட்டர். ஐந்து முறை போய் வந்தால் என் தூரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே தனியாக வந்து டேப் பிடித்து அளந்ததாகச் சொன்னார். நம்பினோம். டேப்பைச் சந்தேகப்படுவது யாருக்குத் தோன்றும்?

ஸ்டாப்வாட்ச் அண்ணனுடையது. பர்மா பஜாரில் வாங்கி வந்தான். பட்டறைக்குப் போகும் முன் சைக்கிளில் வந்து முதல் கல்லில் உட்கார்ந்துகொள்வான். நான் ஓடி வந்து அவனைக் கடந்ததும் நேரத்தைச் சத்தம் போட்டுச் சொல்வான். வாட்ச்சை என் கையில் கொடுக்கமாட்டான். பார்த்தால் வேகம் கெடும் என்பான். எனக்காகத் தூக்கத்தை விட்டு வருகிறானே என்று அவன் மேல் அவ்வளவு பாசம். அந்தப் பாசம் பொய்யில்லை, இப்போதும் சொல்கிறேன்.

நீண்ட தூர ஓட்டத்துக்கு உடம்பைத் தயார் செய்வது ஒன்றும் மாயமந்திரமில்லை. வாரத்தில் பெரும்பகுதி மெதுவாக ஓட வேண்டும். அது இதயத்தைப் பழக்குகிறது. ஒருநாள், பேச முடியும் ஆனால் பேசப் பிடிக்காது என்கிற வேகத்தில் தொடர்ந்து ஓட வேண்டும்; காலில் எரிச்சல் ஏறுவதைத் தள்ளிப்போட அது உதவும். இன்னொரு நாள் ஆயிரம் மீட்டரை ஐந்து முறை, நடுவில் ஒன்றரை நிமிஷம் மூச்சு வாங்கிக்கொண்டு, பந்தய வேகத்துக்குச் சற்று மேலே. எல்லாம் மாத்திரை கொடுக்கிற மாதிரிதான். அளவு சரியாக இருந்தால் குணமாகும். அளவு கூடினால் அதே மாத்திரை ஆளைப் படுக்கவைக்கும். இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டது மிகவும் பிற்பாடு.

அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். மாஸ்டர் ஆயிரத்துக்கு மூன்று நிமிஷம் முப்பது விநாடி என்று சொன்னால், அண்ணன் வாயிலிருந்து அந்த மூன்று முப்பது வர வேண்டும். முதல் ரெண்டு வரும். மூன்றாவதில் தொண்டையில் இரும்பு ருசி ஏறும். நாலாவதில் மூன்று முப்பத்தாறு என்பான். ஐந்தாவதில் செத்துப் பிழைத்து மூன்று முப்பத்தொன்றைப் பிடிப்பேன். பிறகு கல் மேல் உட்கார்ந்து கடலைப் பார்த்து வாந்தி எடுப்பேன். மூன்று மாதத்தில் காலையில் படுக்கையில் பார்க்கிற நாடித்துடிப்பு ஐம்பத்திரண்டிலிருந்து அறுபத்துநாலுக்குப் போனது. முழங்காலுக்குக் கீழே எலும்பு ரெண்டு பக்கமும் வலித்தது. தூக்கம் போனது. மாதவிலக்கு நின்றுபோனது. அம்மாவிடம் சொன்னேன். அவள் பயந்துபோனாள். மாஸ்டரிடம் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. எல்லாரும் இப்படித்தான் கஷ்டப்படுவார்கள், என் உடம்புக்குத்தான் சரக்கு போதவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மாதத்துக்கு ஒரு முறை முழு தூரத்தையும் ஓடவைத்து நேரம் பார்ப்பார்கள். முதலில் பதினெட்டு நாற்பது. அடுத்தது பதினெட்டு முப்பத்தொன்று. தேர்வுக்குப் பத்து நாள் முன்பு கடைசியாக ஓடினேன். கடல் காற்று நன்றாக அடித்த நாள். உடம்பில் இருந்ததை எல்லாம் கொட்டிவிட்டேன். அண்ணன் சொன்னான்: பதினெட்டு இருபத்துநாலு.

இருபத்துநாலு விநாடி பாக்கி. பத்து நாளில் அது குறையாது என்பது ஓடுகிறவளுக்குத் தெரியும். மாஸ்டரிடம் போய், இது போதுமா என்று கேட்டேன். அவர் அண்ணனைப் பார்க்காமல், என்னையும் பார்க்காமல் லேசாகச் சிரித்தார்.

"நீ வந்து ஓடு மா. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

அந்தச் சிரிப்பைப் பரிதாபம் என்று எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுத்துக்கொள்ள? அண்ணனும் பக்கத்தில் நின்று அதே மாதிரி சிரித்தான். சரி, ரெண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது, என் மனது நோகக் கூடாது என்று நடிக்கிறார்கள் என்று நினைத்தேன்.

அதே வாரம் ராயபுரத்தில் ஓர் இறால் கம்பெனியில் ஆள் எடுத்தார்கள். இறாலைத் தலை கிள்ளி, ஓடு உரித்து, ஐஸில் போடுகிற வேலை. பக்கத்து வீட்டு அக்கா சொல்லி, போய் நின்றேன். அங்கிருந்த சூப்பர்வைசர் அம்மா என் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, வியாழக்கிழமை காலை வந்து சேரச் சொன்னார். தேர்வும் அதே வியாழக்கிழமை. ஒருநாள் தள்ளி வரட்டுமா என்று கேட்டேன். கேட்டுக்கு வெளியே நிற்கிற பெண்களைக் கை காட்டினார். அவர் பேரில் தப்பில்லை. அன்றைக்கு நின்றவர்கள் முப்பது பேருக்குக் குறையாது.

மூன்று ராத்திரி யோசித்தேன். ஒரு பக்கம், வராது என்று தெரிந்த வேலைக்காக நகரத்து மைதானத்தில் பன்னிரண்டரைச் சுற்று ஓடி, இருபத்துநாலு விநாடியில் தோற்று, பஸ் பிடித்துத் திரும்பி வருவது. இன்னொரு பக்கம், வந்துவிட்ட வேலை. நைனா படுத்திருக்கிறார். இதில் பயம் எங்கே இருக்கிறது? கையில் இருந்த எண்ணை வைத்து முடிவு எடுத்தேன். இன்றைக்கு யாராவது ஒரு பெண் அதே எண்ணோடு வந்து என்னிடம் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அண்ணன் இழுத்துக்கொண்டு போவான். அவன் அன்று பட்டறையிலிருந்தே நேராக மைதானத்துக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். மாஸ்டர் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு அங்கே வருவதாக ஏற்பாடு. நான் ஷேர் ஆட்டோவில் ராயபுரம் போய் இறங்கினேன். தலைக்குத் துணி கட்டி, ரப்பர் பூட்ஸ் போட்டு, மேசைக்கு முன்னால் நிற்கவைத்தார்கள். அரை மணி நேரத்தில் விரல் மரத்துவிட்டது. எதிரே சுவரில் ஒரு கடிகாரம். பத்து மணிக்கு அங்கே துப்பாக்கி வெடித்திருக்கும். பத்தேகாலுக்கு நான் நூறு இறால் உரித்திருப்பேனா என்றுகூடத் தெரியாது. பத்து பதினெட்டு ஆனபோது ஒருமுறை நிமிர்ந்து பார்த்தேன். பக்கத்தில் இருந்தவள், இப்பவே மணி பார்த்தா பொழுது போவாது என்றாள்.

அன்று சாயந்தரம் வீட்டில் நடந்த கலாட்டாவை எழுதி என்ன ஆகப்போகிறது. அண்ணன் ஒரு வாரம் பேசவில்லை. மாஸ்டர் ஒரு மாதம் கழித்து மார்க்கெட்டில் எதிரே வந்தார். "பயந்துட்டியே மா" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தார். இருபத்துநாலு விநாடி என்பது உங்களுக்குத் தெரியாதா, தெரிந்துகொண்டே என்னைப் பயந்தாங்கொள்ளி என்கிறீர்களா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. காசு வாங்காமல் சொல்லிக்கொடுத்தவரை எப்படிக் கேட்பது?

இறால் கம்பெனியிலேயே இருந்துவிட்டேன். இப்போது நான்தான் அங்கே சூப்பர்வைசர். பெண்களின் கையைத் திருப்பிப் பார்ப்பது நான். குளிர்காலத்தில் வலது கையில் மூன்று விரல் சொன்ன பேச்சு கேட்காது. நாலு வருஷம் முன்பு மறுபடி ஓட ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நகரத்தின் தென்பக்கத்திலிருந்து கலர் கலராகச் சட்டை போட்டவர்கள் எங்கள் ரோட்டுக்கு ஓட வருகிறார்கள். நாங்கள் டிரெய்லர் புகையில் ஓடியதை அவர்கள் அனுபவம் என்று சொல்லி ஃபோட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். இருக்கட்டும். அவர்களில் ஒரு பெண் மூலமாகத்தான் பயிற்சியாளர் சான்றிதழ் வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். நாடித்துடிப்பு ஏறுவது, தூக்கம் போவது, மாதவிலக்கு நிற்பது, எலும்பு வலி, எல்லாவற்றையும் பலகையில் வரிசையாக எழுதிப் போட்டு, தாங்க முடியாத சுமையை உடம்புக்குத் தொடர்ந்து கொடுத்தால் இதுதான் அடையாளம் என்றார்கள். என் பயிற்சி அப்படி ஒன்றும் அதிகச் சுமை இல்லையே, புத்தகத்தில் போட்டதைத்தானே ஓடினேன், பிறகு ஏன் இதெல்லாம் வந்தது என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. பழைய ரோட்டை அளந்து பார்க்கலாம் என்று தோன்றவும் இல்லை. தோன்றியிருந்தாலும் ரோட்டை அகலப்படுத்தி, கல்லையெல்லாம் மாற்றிக் கொட்டிவிட்டார்கள்.

போன தை மாதம் அண்ணன் மீஞ்சூரில் ஃபிளாட் வாங்கி கிரகப்பிரவேசம் வைத்தான். மாஸ்டரும் வந்திருந்தார். தலை முழுக்க நரைத்து, தொப்பை போட்டிருந்தது. முதல் பந்தி முடிந்து, மாடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு மூன்று பேரும் உட்கார்ந்தோம். அண்ணன் வழக்கமான கிண்டலைத் தொடங்கினான். மாஸ்டர் சிரித்துவிட்டு, என் கையில் கட்டியிருந்த வாட்ச்சைக் காட்டி, இது தூரத்தையும் சொல்லுமா என்று கேட்டார். மீட்டர் வரைக்கும் சொல்லும் என்றேன்.

"இப்ப எல்லாம் வாட்ச்சே சொல்லிடுது. அப்ப நாமதான் கையில கொஞ்சம் வெச்சுக்கினு ஓட்டணும்," என்றார். "அந்த ரெண்டாவது கல்லு இருந்துச்சே, அது ஐந்நூறுல இல்ல மா. பத்து மீட்டரு தள்ளி அடிச்சேன். தெரிஞ்சா நீ மெத்தனமா பூடுவே, அதான் சொல்லல."

அண்ணன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"நீங்களுமா மாஸ்டர்? நான் வாட்ச்சுல பத்து செகண்டு சேத்து சொல்லிகினு இருந்தேன். சின்ன ஓட்டத்துக்கு ரெண்டு செகண்டு."

ரெண்டு பேரும் ஒருத்தர் தொடையை ஒருத்தர் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். ஆறு மாதம் பக்கத்துப் பக்கத்தில் நின்றும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்ளவில்லை. அவரவர் ரகசியத்தை அவரவர் பொத்திவைத்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் இது புதிதில்லை. எந்த வீட்டுக் கடிகாரமும் பத்து நிமிஷம் முன்னால்தான் ஓடும். தண்ணி லாரிக்கும் ஷிஃப்டுக்கும் தாமதமாகக் கூடாது என்று அம்மாவே திருப்பிவைப்பாள். ஆனால் அது வீட்டில் எல்லாருக்கும் தெரியும், பார்க்கும்போதே பத்தைக் கழித்துக்கொள்வோம். என்னிடம் மட்டும் எதைக் கழிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

அவர்கள் சிரித்து முடிப்பதற்குள் கணக்கு எனக்குள் ஓடிவிட்டது. நான் ஓடியது ஐயாயிரம் இல்லை, ஐயாயிரத்து நூறு. பதினெட்டு இருபத்துநாலில் அண்ணனுடைய பத்தைக் கழித்தால் பதினெட்டு பதினாலு. அந்த வேகத்தில் நூறு மீட்டருக்கு இருபத்தொரு விநாடி. அதையும் கழித்தால் பதினேழு ஐம்பத்துமூன்று. அதுவும் செருப்பு விற்கிற விலையில் வாங்கிய ஷூவில், கல்லுக்குக் கல் நின்று திரும்பி, டிரெய்லர் புகையில், மூன்று மாதமாக உடம்பு ஓய்ந்துபோன நிலையில். மூன்று முப்பது என்று நினைத்து நான் வாந்தி எடுத்ததெல்லாம் உண்மையில் மூன்று இருபத்துநாலு வேகம். அந்த வேகத்தில் ஓடச் சொல்லி எந்தப் புத்தகத்திலும் எனக்குப் போட்டிருக்கவில்லை. என் உடம்பில் சரக்கு போதாமல் இல்லை. போதும் போதும் என்று அது கத்தியிருக்கிறது. நான் அதைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

எண்ணை அவர்களிடம் சொன்னேன். பதினேழு ஐம்பத்துமூன்று. மாஸ்டர் விரலை மடக்கி மறுபடி போட்டுப் பார்த்தார். ஓடுகிறவர் ஆயிற்றே, தப்பு வராது. அவர் முகம் மாறியது. அண்ணனுக்கு விளங்க ஒரு நிமிஷம் பிடித்தது.

அந்த வியாழக்கிழமை மைதானத்து வாசலில் நின்றீர்களே, இதை எனக்கு எப்போது சொல்வதாக இருந்தீர்கள் என்று கேட்டேன். மாஸ்டர் கீழே பார்த்தபடி சொன்னார்.

"ஓடி முடிச்ச பொறவு. நேரத்தப் பாத்து நீயே அசந்து நிப்பே, அப்ப சொல்லலாம்னு வெச்சிருந்தேன்."

அண்ணனும் அதேதான் என்றான்; மிச்சம் இருந்த விநாடியை நல்ல டிராக்கும் போட்டியும் பார்த்துக்கொள்ளும் என்று இருந்தானாம். எனக்குத் தெரியாமல் எனக்கு ஒரு சந்தோஷம் தருவதற்காக, ஆளுக்கொரு பக்கம் வாசலில் நின்று, ரெண்டு பேரும் பதினொன்றரை வரைக்கும் காத்திருந்திருக்கிறார்கள். என் வேலை, என் உடம்பு, என் பதினைந்து வருஷம், எல்லாம் அவர்கள் அன்றைக்குச் சிரிக்க வைத்திருந்த ஒரு வேடிக்கைக்குப் போனது. நல்ல மனசோடு செய்தார்கள் என்று எனக்குத் தெரியும். அது தெரிந்ததால் ஒரு விநாடிகூட ஆறுதல் கிடைக்கவில்லை.

கீழே அண்ணி அடுத்த பந்திக்குக் கூப்பிட்டாள். யாரும் எழுந்திருக்கவில்லை. அண்ணன் மெதுவாக, "அப்ப நீ அன்னிக்கு வந்திருந்தா..." என்று ஆரம்பித்தான்.

"வந்திருந்தா இல்ல," என்றேன். "சொல்லியிருந்தா."